கதவைத் திறக்காத கள்வன்: வாகன அலாரத்துக்குச் சாய்வு உணரி தெரிவு செய்தல்

நகையை அடைவு வைத்தோ, லீசிங் எடுத்தோ முச்சக்கர வண்டி ஒன்றை அல்லது பழைய வான் ஒன்றை வாங்கிய குடும்பத்துக்கு அந்த வாகனமே வயலும் தோட்டமும் ஆகிவிடுகின்றது. மரக்கறி மூட்டையைச் சந்தைக்குக் கொண்டுபோவதும், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்குவதும், மாத முடிவில் கடன் காசைக் கட்ட உழைப்பதும் அதுதான். சொந்த வளவில் இருப்பவர் இரவில் அதை உள்ளே விட்டுப் படலையைப் பூட்டிவிடலாம். இரவல் காணியிலோ உறவினர் வீட்டிலோ தங்கியிருப்பவருக்கு அந்த வசதி இல்லை. ஒழுங்கை ஓரத்தில், வேலி இல்லாத வெறுங்காணியில், வேப்பமரத்தின் கீழ் அதை விட்டுவிட்டுத்தான் படுக்கப் போகவேண்டும்.

இதனால் பலர் வாகனத்துக்கு அலாரம் பூட்ட விரும்புகின்றனர். அது நல்ல எண்ணமே. ஆனால் பூட்டியவர்களிடம் கேட்டால் இரண்டு விதமான முறைப்பாடுகள் வரும். ஒன்று, “கதவைத் திறந்தால் கத்துகின்றது, ஆனால் சில்லைக் கழற்றிக்கொண்டு போனபோது சத்தமே போடவில்லை” என்பது. மற்றது, “காற்றடித்தாலும் கத்துகின்றது, பஸ் போனாலும் கத்துகின்றது, பொறுக்க முடியாமல் கழற்றி வைத்துவிட்டோம்” என்பது. முதலாவது அலாரத்தில் சாய்வு உணரி இல்லை, அல்லது பொருத்தமில்லாத ஒன்று இருக்கின்றது. இரண்டாவதில் உணரி இருக்கின்றது. ஆனால் எதை உணரவேண்டும், எதை விடவேண்டும் என்ற அளவு அதற்கு இல்லை. இரண்டாவது அலாரம் முதலாவதிலும் மோசமானது எனலாம். பொய்யாகக் கத்தும் அலாரத்துக்கு அயலவர் எழும்பி வரமாட்டார்கள். உண்மையாகக் கத்தும் இரவிலும் வரமாட்டார்கள்.

ஆகவே கடையில் விலையைக் கேட்பதற்கு முன்பு மூன்று கேள்விகளைக் கேட்கப் பழகிக்கொள்ள வேண்டும். எத்தனை பாகை சாய்ந்தால் கத்தும்? எந்த நிலையிலிருந்து அந்தச் சாய்வை அளக்கின்றது? எவ்வளவு நேரத்தில் நடந்த சாய்வைக் கணக்கில் எடுக்கின்றது? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்தால் நல்ல உணரியையும் கூடாத உணரியையும் நாமே பிரித்தறியலாம்.

சாய்வு உணரி எதற்கு?

சாதாரண அலாரம் கதவு, பொனற், டிக்கி ஆகியவற்றில் உள்ள சிறு ஆளிகளைக் காவல் காக்கின்றது. சிலவற்றில் கண்ணாடியில் தட்டினால் அறியும் அதிர்வு உணரியும் உண்டு. ஆனால் கள்வன் இவற்றில் எதையும் தொடாமலே வேலையை முடிக்கலாம். ஜக் வைத்து உயர்த்தி, சில்லையும் ரயரையும் கழற்றலாம். முன்பக்கத்தைத் தூக்கி வேறொரு வாகனத்தில் கொழுவி இழுத்துச் செல்லலாம். மோட்டார் சைக்கிளாயின் இருவர் சேர்ந்து தூக்கிச் சிறு லொறியில் ஏற்றிவிடலாம். இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு: வாகனம் நின்ற நிலை மாறுகின்றது. அந்த மாற்றத்தைக் கண்டுபிடிப்பதே சாய்வு உணரியின் வேலை.

மேசன்மார் பயன்படுத்தும் தூக்குக்குண்டை நாம் எல்லோரும் அறிவோம். சுவர் எப்படிச் சாய்ந்தாலும் குண்டு நேர்கீழே தொங்கும். நூலுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள இடைவெளி சரிவைக் காட்டும். சாய்வு உணரி எதுவானாலும் அதன் உள்ளே இருப்பது இந்தத் தூக்குக்குண்டின் தத்துவந்தான். புவியீர்ப்பு எப்பக்கம் இழுக்கின்றது என்பதை அது பார்க்கின்றது.

எத்தனை பாகை?

முதலில் களவு வாகனத்தை எவ்வளவு சாய்க்கும் என்று கணக்குப் பார்ப்போம். ஒரு காரின் இடது வலது சில்லுகளுக்கு இடையிலான தூரம் ஏறக்குறைய 1.5 மீற்றர். ஒரு பக்கத்தை 10 சென்ரிமீற்றர் உயர்த்தினால் ஏறக்குறைய 4 பாகை சாயும். மற்றப் பக்கத்து ஸ்பிரிங்குகள் அசைந்து கொடுப்பதால் உண்மையில் இதிலும் குறையலாம். ஆகவே 2 முதல் 4 பாகை என்று கொள்வோம். முச்சக்கர வண்டியின் பின்சில்லுகள் இதைவிட நெருக்கமானவை. ஆதலால் அதே உயரத்துக்கு 5 பாகை வரை சாயும்.

இழுத்துச் செல்லும்போது சாய்வு கூட. முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடையில் 2.5 மீற்றர் உள்ள காரின் முன்பக்கத்தை 40 சென்ரிமீற்றர் தூக்கினால் ஏறக்குறைய 9 பாகை. 2 மீற்றர் உள்ள முச்சக்கர வண்டியாயின் 11 பாகைக்கும் மேல். பக்க ஸ்ராண்டில் சாய்ந்து நிற்கும் மோட்டார் சைக்கிளை நிமிர்த்தினாலே 10 பாகை அளவில் மாறிவிடும்.

இனிக் களவு அல்லாத அசைவுகள். ஒருவர் வாகனத்தில் சாய்ந்து நின்று ஒரு பக்கத்தை 2 சென்ரிமீற்றர் அமர்த்தினால் அது முக்கால் பாகைதான். காற்றும், முதுகு சொறிய வரும் மாடும், கூரையில் ஏறும் பூனையும் இந்த அளவைத் தாண்டுவது அரிது.

இக்கணக்கிலிருந்து ஓர் அளவு தானாகவே கிடைக்கின்றது. கார், வான், முச்சக்கர வண்டி ஆகியவற்றுக்கு 1.5 முதல் 2 பாகையிலும், மோட்டார் சைக்கிளுக்கு 5 பாகை அளவிலும் கத்தும்படி அமைத்துத் தொடங்கலாம். அரைப் பாகையில் கத்துவதை விற்பனையாளர் பெருமையாகச் சொன்னால் அது தேவையில்லை. 15 பாகையில் கத்துவது சில்லுக் களவுக்கு உதவாது.

என்னென்ன வகைகள் உண்டு?

1. இரச ஆளி: சிறிய கண்ணாடிக் குமிழொன்றில் ஒரு துளி இரசமும் இரண்டு கம்பிகளும் இருக்கும். குமிழ் சாய்ந்ததும் இரசம் ஓடிக் கம்பிகளைத் தொடுக்கும். மலிவானது, மின்னைச் செலவழிக்காதது. பழைய அலாரங்களிலும், முன்னைய அமெரிக்கக் கார்களின் பொனற், டிக்கி விளக்குகளிலும் இது பெருமளவில் இருந்தது. ஆயினும் இதை வாங்க வேண்டாம். ஏன் என்பதைக் கீழே தனியாகக் கூறுகின்றோம்.

2. குண்டு ஆளி: இரசத்துக்குப் பதிலாகச் சிறிய உலோகக் குண்டொன்று உள்ளே உருளும். நஞ்சில்லை, விலையும் மிகக் குறைவு. ஆனால் இது “தொட்டது, விட்டது” என்ற இரண்டை மட்டுமே அறியும். எத்தனை பாகை என்று சொல்லாது. பெரும்பாலானவை 10 பாகைக்கும் மேல் சாய்ந்த பின்னரே மாறும். அதிர்ச்சியிலும் குண்டு துள்ளும். மோட்டார் சைக்கிளுக்கு ஒருவாறு போதும். காருக்கும் முச்சக்கர வண்டிக்கும் போதாது.

3. திரவ உணரி: நீர்மட்டத்தில் உள்ள குமிழியைப் போன்றது. மின்னைக் கடத்தும் திரவம் எந்தக் கம்பியை எவ்வளவு மூடுகின்றது என்பதைக் கொண்டு சாய்வை அளக்கும். நுட்பமானது, ஆனால் அதை இயக்கத் தனிச் சுற்று வேண்டும். எமது தேவைக்கு இதைத் தேடி அலைய வேண்டியதில்லை.

4. இலத்திரனியல் ஆர்முடுகல் உணரி: இன்று நல்ல அலாரங்களில் இருப்பது இதுவே. நகத்திலும் சிறிய சிலிக்கன் துண்டில், கண்ணுக்குத் தெரியாத ஸ்பிரிங்குகளில் ஒரு சிறு திணிவு தொங்குகின்றது. சாயும்போது அது இம்மியளவு நகரும். அந்த நகர்வை மின்னாக மாற்றி அளக்கின்றனர். 1990களின் தொடக்கத்தில் கார்களின் காற்றுப் பைகளை உரிய நேரத்தில் விரியச் செய்வதற்காகச் சந்தைக்கு வந்த இத்தொழில்நுட்பம், இப்போது ஸ்மார்ட் கைத்தொலைபேசிகள் அநேகமாக எல்லாவற்றிலும் இருக்கின்றது. தொலைபேசியைத் திருப்பினால் படமும் திரும்புவது இதனால்தான். பெருந்தொகையாகச் செய்யப்படுவதால் விலையும் இறங்கிவிட்டது. ஒரு பாகையிலும் குறைந்த மாற்றத்தை இதனால் அறிய முடியும்.

இரசத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை

இரசம் வெள்ளி போல மினுங்கும். நிலத்தில் விழுந்தால் மணிமணியாக ஓடும். பிள்ளைகளுக்கு அது விளையாட்டுப் பொருளாகத் தெரியும். ஆனால் அது அறை வெப்பத்திலேயே ஆவியாகின்றது. மணமில்லாத அந்த ஆவியைச் சுவாசித்தால் நரம்புகளும் சிறுநீரகமும் பாதிக்கப்படும். யப்பானின் மினமாட்டா ஊரில் தொழிற்சாலைக் கழிவில் கலந்த இரசச் சேர்வை, மீன் வழியாக மக்களின் உடலில் சேர்ந்து பெருந்துன்பம் விளைவித்தமை 1956 இல் வெளிவந்தது. அவ்வூரின் பெயரால் 2013 இல் செய்யப்பட்ட சர்வதேச உடன்படிக்கை 2017 இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கையும் அதில் ஒரு பங்காளி நாடு. இரச ஆளிகளைச் செய்வதும் ஏற்றுமதி இறக்குமதி செய்வதும், சில விசேட ஆய்வுக் கருவிகளைத் தவிர, 2020 உடன் நிறுத்தப்பட வேண்டும் என்பது அதன் ஒரு விதியாகும்.

ஆகவே பழைய வாகன உதிரிப் பொருட்களிடையே மலிவாகக் கிடைக்கின்றது என்று இதை எடுக்க வேண்டாம். எப்போதாவது குமிழ் உடைந்து இரசம் சிந்தினால் பிள்ளைகளையும் ஆடு, கோழிகளையும் அப்பால் அனுப்பிக் கதவு, யன்னல்களைத் திறந்துவிடுங்கள். தும்புத்தடியால் கூட்ட வேண்டாம். மணிகள் இன்னும் சிறிதாகிப் பரவும். தடித்த மட்டைத் துண்டுகளால் ஒன்றுசேர்த்து, இறுக்கி மூடக்கூடிய போத்தலில் இட்டு வையுங்கள். கிணற்றடியிலோ குப்பைக் குழியிலோ கொட்டவும் கூடாது, எரிக்கவும் கூடாது.

எந்த நிலையிலிருந்து அளக்கின்றது?

எமது வாகனங்கள் சீமெந்துத் தரையில் நிற்பவை அல்ல. ஒருநாள் வாய்க்கால் வரம்பின் ஓரம், ஒருநாள் குளக்கட்டின் சரிவு, மழைநாளில் மேட்டுப்பக்கம் என்று நிற்கும். கிடைத்தளத்தையே “சரியான நிலை” என்று கொள்ளும் உணரி இவ்விடங்களில் ஒன்றில் ஓயாமல் கத்தும், அல்லது ஒரு பக்கத்துச் சாய்வைக் காணாமல் விடும்.

நல்ல உணரி அப்படியன்று. அலாரத்தைப் போட்டுச் சில விநாடிகள் வாகனம் அசைவற்று அமர விட்டு, அப்போது அது நிற்கும் நிலையைத் தன் நினைவில் பதித்துக்கொள்ளும். 7 பாகைச் சரிவில் நின்றால் அந்த 7 பாகைதான் அதற்குத் தொடக்கம். பிறகு அதிலிருந்து எவ்வளவு மாறுகின்றது என்று மட்டும் பார்க்கும். “நிறுத்திய நிலையைத் தானே பதிந்துகொள்ளுமா?” என்று கடைக்காரரிடம் கேளுங்கள். இல்லை என்றால் அதை விட்டுவிடுங்கள்.

முன்பின் சாய்வையும் இடவலச் சாய்வையும் அது அறியவேண்டும் என்பதும் முக்கியம். இழுத்துச் செல்லும்போது வாகனம் முன்பின்னாகச் சாய்கின்றது; ஜக் வைக்கும்போது பெரும்பாலும் இடவலமாகச் சாய்கின்றது. ஒரு திசையை மட்டும் பார்க்கும் உணரி பாதிக் காவல்தான்.

எவ்வளவு நேரத்தில்?

இரவோடு இரவாக ஒரு ரயரில் காற்று மெல்ல இறங்கலாம். மழையில் நிலம் இளகிச் சில்லுப் புதையலாம். இவையும் சாய்வுகளே, ஆனால் மணித்தியாலக் கணக்கில் நடப்பவை. ஜக் வைப்பவனுக்கு ஒரு சில நிமிடங்கள் போதும். தூக்குபவனுக்கு அதிலும் குறைவு. ஆகவே மணித்தியாலக் கணக்கில் வரும் மாற்றத்தோடு தானும் நகர்ந்து, நிமிடக் கணக்கில் வரும் மாற்றத்துக்குக் கத்துவதே சரியான உணரி.

மலிவான சில அலாரங்கள் திடீர் அசைவுக்கு மட்டுமே கத்தும். பெட்டியில் “சாய்வு உணரி” என்று அச்சிட்டிருப்பார்கள். உள்ளே இருப்பது அசைவு உணரியே. ஆறுதலாக ஜக்கைச் சுற்றுபவனை அது கண்டுபிடிக்காது.

வெப்பமும் இதில் சேருகின்றது. நண்பகல் வெயிலில் பூட்டி நிற்கும் வாகனத்தினுள் வெப்பநிலை 60 பாகை செல்சியசை எட்டலாம். விடியப்புறம் 25க்கு இறங்கும். இலத்திரனியல் உணரிகளில் மலிவான சில, வெப்பநிலை ஒரு பாகை மாறினால் புவியீர்ப்பின் ஆயிரத்தில் ஒரு பங்களவு பிழை காட்டக்கூடியவை. ஒரு பாகைச் சாய்வு என்பது ஆயிரத்தில் ஏறக்குறைய 17 பங்கு. அப்படியானால் 35 பாகை குளிரும்போது, வாகனம் அசையாமலே 2 பாகை சாய்ந்ததாக அது நினைத்துவிடும். மெதுவான மாற்றத்தோடு நகரும் தன்மை இந்தப் பொய்க் கத்தலையும் தடுக்கின்றது.

பற்றரியை மறக்கக் கூடாது

அலாரம் இரவு பகலாக மின்னை உறிஞ்சுவது. அது 20 மில்லி அம்பியர் எடுத்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய அரை அம்பியர் மணி. 5 அம்பியர் மணி கொண்ட மோட்டார் சைக்கிள் பற்றரியில் பாதியை ஐந்து நாளில் அது குடித்துவிடும். 30 அம்பியர் மணிப் பற்றரி உள்ள வாகனத்தில் அதே பாதிக்கு ஒரு மாதம் செல்லும். ஓடாமல் பல நாள் நிற்கும் மோட்டார் சைக்கிளுக்கு 5 மில்லி அம்பியருக்குக் குறைவாக எடுப்பதையே தெரிவு செய்யுங்கள். பெட்டியில் எழுதியிருப்பதை நம்பவேண்டியதில்லை. மெக்கானிக்கிடம் மல்ரிமீற்றர் இருந்தால் அலாரத்தைப் போட்டுவிட்டு அளந்து காட்டச் சொல்லுங்கள்.

பூட்டும்போது கவனிக்க வேண்டியவை

• உணரியை வாகனத்தின் உலோக உடலில் திருகாணியால் இறுக்கவேண்டும். டாஷ்போட்டின் பிளாஸ்ரிக்கில் ஒட்டினால் அது தானாகவே ஆடும். வெயிலில் ஒட்டும் விட்டுவிடும்.

• இரு திசை உணரியைத் தட்டையாகக் கிடத்திப் பூட்டவேண்டும். நிமிர்த்திப் பூட்டினால் ஒரு திசையில் அதற்குக் கண் தெரியாது. ஒரு பாகை சாய்ந்தாலும் அத்திசையில் அளவு ஏறக்குறைய மாறாமலே இருக்கும். மூன்று திசை உணரியாயின் எப்படியும் பூட்டலாம்.

• எஞ்சின் சூட்டிலிருந்தும் மழைநீரிலிருந்தும் விலக்கி வைக்கவேண்டும். முச்சக்கர வண்டியில் சாரதியின் ஆசனத்தின் கீழ் நல்ல இடம்.

• பற்றரியிலிருந்து வரும் வயரில், பற்றரிக்கு அருகிலேயே ஒரு பியூஸ் இருக்கவேண்டும். முறுக்கி ரேப் சுற்றிய இணைப்புகள் தீ விபத்துக்கு வழி. ஈயம் பற்றவைத்து மூடச் சொல்லுங்கள்.

• சாய்வு உணரியை மட்டும் தனியே நிறுத்த வழி இருக்கவேண்டும். பி.எம்.டபிள்யூ, ஃபோக்ஸ்வாகன் போன்ற கம்பனிகள் தம் கார்களைக் கப்பலிலும் ரயிலிலும் ஏற்றும்போது இவ்வுணரியை நிறுத்திவைக்குமாறு கையேட்டிலேயே எழுதுகின்றன. எமக்கும், பழுதான வண்டியை லொறியில் ஏற்றும் நாளில் இது உதவும்.

காசு கொடுக்குமுன் சோதியுங்கள்

அலாரத்தைப் போட்டு ஒரு நிமிடம் பொறுங்கள். வாகனத்தில் ஒருவர் சாய்ந்து நிற்கட்டும்: கத்தக்கூடாது. கூரையில் கையால் அமர்த்தி ஆட்டுங்கள்: சாய்வு உணரி கத்தக்கூடாது. இனி ஒரு பக்கத்தில் ஜக்கை வைத்து, மிக ஆறுதலாக, இடையிடையே நிறுத்தி நிறுத்தி உயர்த்துங்கள். சில்லு நிலத்தை விட்டு எழும்ப முன்பே கத்தவேண்டும். மற்றப் பக்கத்திலும், முன்னாலும் பின்னாலும் இதையே செய்யுங்கள். பின் சரிவான இடத்தில் நிறுத்தித் திரும்பவும் பாருங்கள். கடைசியாக, நண்பகலில் அலாரத்தைப் போட்டு மறுநாட் காலைவரை விட்டுவையுங்கள். இத்தனையிலும் தேறியதற்கே காசு கொடுக்கலாம்.

அலாரம் செய்யாதவை

சாய்வு உணரி களவைத் தடுப்பதில்லை. சத்தம் போடுவது மட்டுமே அதன் வேலை. சத்தம் கேட்டு எழும்பி வரும் மனிதர்தான் களவைத் தடுக்கின்றார். வீடுகள் ஒன்றுக்கொன்று எட்டி இருக்கும் மீள்குடியேற்றக் கிராமங்களில் இதை முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும். எந்த வீட்டு அலாரம் எப்படிச் சத்தமிடும், கேட்டால் யார் யாருக்கு அறிவிப்பது, தனியே போகாமல் எத்தனை பேர் சேர்ந்து போவது என்று நான்கைந்து குடும்பங்கள் ஒரு மாலையில் கூடித் தீர்மானித்தால் போதும். அந்தக் கூட்டத்துக்குச் செலவு ஒரு தேத்தண்ணிதான்.

கையால் சுற்றி இயக்கும் இருசில்லு உழவு இயந்திரங்கள் பலவற்றில் பற்றரியே இல்லை. அவற்றுக்கு அலாரம் தேடுவதை விட, தடித்த சங்கிலியால் மரத்தோடு சேர்த்துப் பூட்டுவது மேல். மற்ற வாகனங்களுக்கும் முதற் செலவு பூட்டும் சங்கிலியுமாகவே இருக்கட்டும். அலாரம் அதற்குப் பின்.

அவ்வாறு அலாரம் வாங்கப் போகும் நாளில் எத்தனை பாகை, எந்த நிலையிலிருந்து, எவ்வளவு நேரத்தில் என்ற மூன்று கேள்விகளையும் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். விடை சொல்லத் தெரிந்த கடையில் வாங்குங்கள். உங்கள் ஜக்கையும் கூடவே கொண்டுபோக மறக்க வேண்டாம்.